கோணல் கிண்ணம்

பிப்ரவரி 6

இன்றும் அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கை நடுக்கம் வந்ததிலிருந்து இதே கதை. நாற்பது வருஷம் துணி தைத்த கை. இப்போது ஸ்டீல் கிண்ணத்தைப் பிடித்தால் மேசையெல்லாம் பால். ஊட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

"நீ போய் உன் மரத்தைக் கடை, பாப்பா."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்னும் பாப்பா.

பிப்ரவரி 9

பட்டறையில் மாடிப்படிக் கைப்பிடிக்கு அறுபது கால் கடையச் சொல்லியிருக்கிறார்கள். முப்பத்தொன்று முடிந்தது. தோள் கழன்று விழுகிறது.

மீந்த தேக்குத் துண்டில் அண்ணனுக்கு ஒரு கிண்ணம் கடைந்து கொண்டுவந்தேன். பாலை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "புதுக் கதவைக் கரைச்சுக் குடுத்த மாதிரி இருக்கு." எண்ணெய்ப் பசை உள்ள மரம், வாசனை வரத்தான் செய்யும். எனக்குத் தெரியாதா? தெரியும். சோம்பல்.

பிப்ரவரி 10

டாக்டர் அண்ணனை எடை பார்த்தார். மூன்று கிலோ இறங்கியிருக்கிறது.

பிப்ரவரி 12

மரக்கடையில் ஒரு மணி நேரம். வேம்பு கசக்கும். மா லேசு, அவர் கையோடு சேர்ந்து அதுவும் ஆடும். புளிதான் சரி. நல்ல கனம், நெருக்கமான நார். ஆனால் வெட்டி ஒரு வாரம்தான் ஆகிறதாம், தொட்டால் ஈரம். அதைத் தடிமனாகக் கடைந்து வைத்து, வாராவாரம் எடை போட்டு, எடை இறங்குவது நின்ற பிறகுதான் மெலிசாக்க வேண்டும். எப்படியும் ஆறு மாதம். இருந்தாலும் வாங்கிவந்தேன்.

மரம் எடை குறைந்தால் எனக்கு நிம்மதி. அண்ணன் எடை குறைந்தால்?

பிப்ரவரி 13

கெடுத்துட்டேன். தடியா விட வேண்டியதை, உளி போன போக்குல கடைசி அளவுக்கே மெலிசாக்கிட்டேன். பச்சை மரத்தை. வேலைக்குச் சேர்ந்த புதுசுல கூட இப்படிப் பண்ணதில்ல. இனி காயக் காயக் கோணிக்கும். ஆறு மாசம் காத்திருக்க எனக்குத் தெம்பில்ல, அதான் விஷயம்.

பிப்ரவரி 26

கோணிவிட்டது. வட்டம் முட்டையாகிவிட்டது, அடியும் ஆடுகிறது. விரிசல் மட்டும் இல்லை. அண்ணனுடைய பழைய துணிப் பெட்டிக்குள் எறிந்தேன்.

மார்ச் 1

அறுபது காலும் முடிந்தது. தூங்கினேன்.

மார்ச் 9

வேலை முடிந்து வந்தால் அண்ணன் கூடத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரில் அந்தக் கோணல் கிண்ணம். அடி ஆடாமல் இருக்கத் துணியில் வளையம் தைத்து அதன்மேல் வைத்திருக்கிறார். ஒரு வருஷமாக ஊசி தொடாதவர். தையல் எங்கெங்கோ போயிருந்தது.

"வட்டமா இருந்தா வழுக்கிட்டுப் போகுது. இது கைக்குள்ள அடங்குது. வேணும்னே இப்படிக் கடைஞ்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டேன். பாலில் ஊறின ரொட்டியை என் முன்னாலேயே சாப்பிட்டார். கொஞ்சம் சிந்தியது. துடைக்க எழுந்தவள், உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது.

மார்ச் 15

மறுபடி மரக்கடை. காய்ந்த புளி வந்திருக்கிறது என்றார் கடைக்காரர். பச்சையாகவே கேட்டு வாங்கினேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டில் அண்ணன் கட்டையைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு போதாதா, பாப்பா?"

"இது எனக்கு."

அண்ணன் துணிப் பெட்டியைத் திறந்து, இன்னொரு வளையம் தைக்க ஊசியில் நூல் கோர்க்க உட்கார்ந்தார். வெகு நேரம் ஆனது. நான் வாங்கிக் கோர்த்துத் தரவில்லை.