மெர்க்குரஸா, மெர்க்குரிக்கா

3-11-43, புதன்
விடியற்காலை முதல் மழை. ராஜகிரி மலை கண்ணுக்கே தெரியவில்லை. டிஸ்பென்சரிக்கு வந்தவர்கள் ஒன்பது பேர், எல்லாம் இருமல். பத்து வருஷமாக இங்கே மருந்து கலக்குகிறேன். இனிமேல் கம்பவுண்டர் பரீட்சை தேறாதவனை வைத்துக்கொள்ள முடியாது என்கிறார் டாக்டர். ஜனவரியில் பரீட்சை. உப்புகளின் பார்முலாதான் தகராறு.

சாயங்காலம் அலுமினியம் ஆக்ஸைடு: AlO என்று எழுதினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த செசிலி எட்டிப் பார்த்தாள்.

"அலுமினியத்துக்கு மூணு கைன்னு சொன்னீங்க. ஆக்ஸிஜனுக்கு ரெண்டு. அப்ப ஒரு கை சும்மா தொங்குதே?"

விரல் மடக்கி எண்ணினாள். இரண்டு அலுமினியம், மூன்று ஆக்ஸிஜன். ஆறுக்கு ஆறு. Al₂O₃. சரி! எட்டாவது வரை படித்தவள், என் பெண்டாட்டி. கொஞ்சம் வெட்கம். சந்தோஷம் அதைவிட அதிகம்.

5-11, வெள்ளி
தூறல். செருப்பு வார் அறுந்தது. இன்று பாடமானவை: கறியுப்பு NaCl, மயில்துத்தம் CuSO₄, பேதியுப்பு MgSO₄. பாதரசத்துக்கு இரண்டு குளோரைடு. 'மெர்க்குரஸ்' Hg₂Cl₂, கேலமல், பேதி மருந்து. 'மெர்க்குரிக்' HgCl₂, கொடிய விஷம்.

"பேருல வாலு மட்டுந்தான மாறுது?" என்றாள் செசிலி. ஆமாம், வால் மட்டும்தான்.

8-11, திங்கள்
கரி போட்டு ஓடும் திண்டிவனம் பஸ்ஸில் மருந்துப் பார்சல் வந்தது, தொப்பலாக நனைந்து. ஒரு புட்டியில் வெள்ளைத்தூள். இங்கிலீஷ் லேபிளில் 'மெர்க்குர்' வரைக்கும்தான் மிச்சம், வால் கரைந்துவிட்டது. மேல்சித்தாமூர் மல்லாட்டைக் கடலை வியாபாரி கேலமல் சீட்டோடு நிற்கிறார்.

"பஸ்ஸு பூடும்பா, சீக்கிரம் கட்டிக் குடு."

"நாம கேட்டது கேலமல்தானேய்யா, கொடுங்க" என்றார் டாக்டர் உள்ளிருந்து.

எனக்குக் கை வரவில்லை. சுண்ணாம்புத் தெளிநீரில் ஒரு சிட்டிகை போட்டேன். கேலமல் என்றால் கறுக்க வேண்டும். மஞ்சளாயிற்று: மெர்க்குரிக், விஷம். டாக்டரிடம் நீட்டினேன். பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வியாபாரிக்குப் பேதியுப்பு கொடுத்தேன். "இதுக்கா இவ்ளோ நேரம்?" பஸ் போய்விட்டதென்று திட்டிக்கொண்டே போனார். திட்டட்டும்.

9-11, செவ்வாய்
புட்டி விஷ அலமாரியில். சிவப்பு லேபிள், பெயரும் பார்முலாவும் என் கையெழுத்தில், கொட்டை எழுத்தாக. அனுப்பியவர்களுக்கு டாக்டரே காரமாகக் கடிதம் எழுதினார்.

வீட்டில் இன்றுதான் சொன்னேன். செசிலி சிலுவை போட்டுக்கொண்டாள். "அந்த ஆளுக்கு எத்தினி புள்ளைங்க?" கேட்கவில்லையே. இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அவளே புத்தகத்தை எடுத்துவந்தாள். கால்சியம் பாஸ்பேட்டில் அவள்தான் முந்தினாள்.

11-11, வியாழன்
வெயில். துணியெல்லாம் காய்ந்தது. பரீட்சைப் பாரத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டார். "பொம்பளைங்களும் எழுதலாமா, கேட்டுட்டு வாங்க" என்று செசிலி காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். கேட்டேன். எட்டாவது போதுமாம், ஆனால் ஒரு வருஷம் டிஸ்பென்சரியில் வேலை பழகியிருக்க வேண்டுமாம். டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லுங்க" என்றார்.

வந்து சொன்னதும் செசிலி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"காலையில எத்தினி மணிக்கு?"