காந்தலூர் மழையும் உன் அப்பாவின் கூடையும்

அன்பு மகள் மோனிஷாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் பசுவும் சுகம், குவைத் வெயிலில் நீ வாடாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். போனில் சொல்லலாமே என்பாய், உன் அப்பா பக்கத்தில் நின்று குறுக்கே குறுக்கே பேசுவார், அதனால்தான் கடுதாசி.

நம் பூண்டுச் சரிவில் ஜோமோள் என்ற கோட்டயத்துப் பெண் படிப்புக்காக மழைமானியும், சரிவின் அடியில் ஒரு தகரத் தொட்டியும் வைத்திருக்கிறாள். மொத்தம் எவ்வளவு பெய்தது என்பது பெரிதில்லையாம், அரை மணி நேரத்தில் எவ்வளவு வேகமாக அடித்தது என்பதுதான் மண்ணைப் பறிக்குமாம், அந்த வேகத்தையும் தொட்டியில் சேரும் மண்ணையும் வைத்து மழையின் பலத்தைக் கணக்குப் போடுவாளாம். மழைமானி பேய்மழை என்கிறது, தொட்டியில் வெறும் கலங்கல் தண்ணீர்! பாவம், தலையைப் பிய்த்துக்கொண்டு, அங்கிளே, உங்க தோட்டத்துல மண்ணு போகவே இல்லியே என்றாள். அவ்வளவுதான், உன் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. இந்த வேல்முருகன் தோட்டத்துக்குள்ள மழை செருப்பைக் கழட்டிட்டுத்தான்யா வரும் என்று டீக்கடையில் ஒரே அலம்பல். அதோடு விட்டாரா, மண் போகாமல் இருக்கச் சரிவுக்குக் குறுக்கே நட்ட தீவனப்புல் வரிசையெல்லாம் இனி எதற்கு, புதன்கிழமை பிடுங்கிவிட்டு அங்கேயும் பூண்டு போடுகிறேன் என்று நின்றார். நேர் கீழே நம் அடுப்படி, மண் சரிந்தால் அதன் மேலேதான். சொன்னால், ஆராய்ச்சியே சொல்லிருச்சு, நீ என்னடி பெருசா சொல்ல வந்துட்ட என்கிறார்.

நீயாவது எடுத்துச் சொல்லம்மா என்று செவ்வாய்க்கிழமை ஜோமோளைக் காப்பிக்குக் கூப்பிட்டேன். அவள் வந்து உட்கார்ந்ததும் பிடித்தது மழை, பேச்சே கேட்கவில்லை. விட்டதும் இவர் கூடையை எடுத்துக்கொண்டு, இருங்கம்மா, தொட்டியில கிடக்குற மண்ண அள்ளி மேல போட்டுட்டு வந்துர்றேன் என்றாரே பார்க்கலாம்! அவளுக்குக் காப்பி புரையேறிவிட்டது. மழை விட்டால் அடிமண்ணை அள்ளி மேலே போடுவது நம் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதானே, நானும் தினம் பார்க்கிறேன், எனக்கே உறைக்கவில்லை. அரசாங்கமே அள்ள வசதியா தொட்டி வச்சுக் குடுத்துச்சுன்னுல்ல நினைச்சேன் என்கிறார் மனிதர். அந்தப் பெண் சிரித்தாளா அழுதாளா என்றே தெரியவில்லை, ஒரு வருஷக் கணக்கும் வீணல்லவா. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மழை வரைக்கும் தொட்டியைத் தொடாதீங்க, அதைப் பார்த்துட்டு அப்புறம் வேணும்னா புல்லைப் பிடுங்குங்க என்று கெஞ்சிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை காலையிலேயே வானம் பொத்துக்கொண்டது. தொட்டி நிரம்பி, வழிந்து, செம்மண் நம் வாசல்படி வரை வந்துவிட்டது. கூடை கூடையாக அள்ளியவர் மொத்தமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். புல்லு இருக்கும்போதே இம்புட்டா கற்பகம் என்றார். பிறகு உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டு, மழைக்கு முழங்கால் கிடையாதுடி, கூடையத் தூக்கிட்டு மேல ஏறுற எனக்கு இருக்கே என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது மோனி. இன்றைக்கு ரெண்டு பாத்திப் பூண்டை அவரே பிடுங்கிவிட்டுப் புல் நட்டுக்கொண்டிருக்கிறார்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், ராத்திரியில் தயிர் வேண்டாம். எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இரு. போன் பேசும்போது அப்பாவிடம் தொட்டியைப் பற்றிக் கேட்டுச் சிரிக்காதே, முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள்.

உன் அம்மா,
கற்பகம்