குளியல் தொட்டியில் உன் பீர்

வெர்ன்,

வந்ததும் குளிக்கப் போகாதே. தொட்டியில் நீ புளிக்கப் போட்ட பீர் வாளி உட்கார்ந்திருக்கிறது.

துணி துவைக்க நிலவறைக்கு இறங்கினேன். நீ சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் அறுபத்திரண்டு ஃபாரன்ஹீட், நல்ல குளிர்ச்சி என்று காட்டியது. ஆனால் வாளியைத் தொட்டால் வெதுவெதுவென்று இருக்கிறது, மூடி வழியே நுரை கக்குகிறது. "ஈஸ்ட் வேலை செய்யறப்ப தானாவே சூடாகும்"னு எனக்குச் சொன்னதே நீதான். அப்புறம் எதற்குச் சுவரைப் பார்க்கிறாய்? போன தடவை மாதிரி சூடு ஏறி நெயில் பாலிஷ் வாடை அடித்தால் உன் தம்பிகூடக் குடிக்க மாட்டான்.

வாரம் முழுக்க இரவு ஷிஃப்ட் பார்த்த உடம்போடு அதைத் தனியாளாகப் படியேற்றினேன். இடுப்பு போச்சு.

தண்ணீரில் ஐஸ் பாட்டில்கள் மிதக்கின்றன. உருகினால் ஃப்ரீசரில் இருப்பதை எடுத்து மாற்று. தெர்மாமீட்டரை வாளியோடு ஒட்டிக் கட்டிவிட்டேன், பிரிக்காதே. ஃப்ரீசரில் பாட்டில் வைக்க இடமில்லாததால் உன் மான்கறியை எடுத்துச் சமைத்துவிட்டேன். அடுப்பில் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடு.

நேற்றுக் காலை நான் வந்து படுத்ததும் "என்ன ஆச்சு?" என்றாய். "ஒண்ணுமில்ல" என்றேன். "அப்ப சரி"ன்னு பூட்ஸை மாட்டிக்கொண்டு சுரங்கத்துக்குப் போய்விட்டாய். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வாசல் பனியை அள்ளு. நான் கிளம்புகிறேன்.

மார்லிஸ்

பி.கு: நாளைக் காலையும் வந்து படுப்பேன். கண்ணை மூடியிருப்பதைப் பார்த்து "தூங்கறா"ன்னு கிளம்பிவிடாதே. என்மேலும் கை வைத்துப் பார்.