நான் அறுத்த காப்பு

தம்பி,

இன்று காலை பெரியப்பா மகன் வந்திருந்தார். பன்னீரும் திருநீறும் மணக்க வாசலில் நின்று திருவிழாப் பத்திரிகையை நீட்டினார். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை.

உனக்குக் காப்பு கட்டிய அன்றும் அந்த அண்ணனிடம் இதே மணம்தான். பெரிய புறப்பாட்டில் சாமிக்குக் குடை பிடிக்கும் முறை நம் வீட்டுடையது. கொடியேறியதும் குடை பிடிப்பவன் கையில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். கட்டியவன் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. என் சிறுநீரகத்தை உனக்கு வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தறியில் உட்காரவே உனக்கு அனுமதி இல்லை. குடைக்கு மட்டும் நீ வேண்டும். நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு கையை நீட்டினாய்.

அதற்கு முன்பே தலை கனக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாய். காப்பு கட்டியபின் வலி முற்றியது. வாந்தி வேறு, வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொண்டாய். வேலூர் டாக்டர் நம் இருவரிடமும் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "புது கிட்னியை உடம்பு தள்ளாம இருக்கத்தான் இந்த மாத்திரை. இது நோயை எதிர்க்கிற சக்தியையும் குறைச்சிடும். உள்ளே கிருமி இருந்தாலும் காய்ச்சல் தெரியாது. தலைவலி நிக்கலன்னா உடனே வந்துடுங்க." நம் தெரு டாக்டரோ உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "ஜுரமே இல்லியேம்மா. வெறும் பித்தம்." புறங்கையாலேயே மூளையைப் பார்த்துவிட்ட மேதாவி.

"வேலூர் போலாம்பா" என்றேன். அண்ணன் குறுக்கே வந்தார். "காப்பு கட்டிக்கினு எல்லை தாண்டுவானா? முறை அடுத்த தெருவுக்குப் பூடும்." நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி, "திருவிழா முடியட்டும்க்கா" என்றாய். உன்மேல் எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, போ.

என்னைப் பார்த்தே "யாரு?" என்று நீ கேட்ட அன்று, தறியில் கிடந்த கத்தரியை எடுத்து அந்தக் கயிற்றை அறுத்தேன். வாடகைக் கார் பிடித்து உன்னை ஏற்றினேன்.

வேலூரில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றிய சவ்வில் பூஞ்சைக் காளான் பிடித்திருந்தது. "இதுக்கு இருக்கிற மருந்து கிட்னியையே கெடுக்கும்மா. மாத்திரையையும் குறைக்கணும். நீங்க குடுத்தது போனாலும் போயிடும்" என்றார் டாக்டர்.

"போனா போவுது சார். அவன் இருந்தா போதும்."

பின்னாலேயே பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்த அண்ணன், "குடுத்தது வீணாப் பூடுமே" என்று முனகினார். இந்த மனிதருக்கு என் உறுப்பின்மேல் அப்படி ஒரு அக்கறை. முன்னாடியே கூட்டி வந்திருக்கணும் என்று டாக்டர் சொன்னபோது மட்டும் விட்டத்தைப் பார்த்தார். என் சிறுநீரகம் கடைசி நாள்வரை வேலை செய்தது. நீதான் போய்விட்டாய்.

புறப்பாட்டுக்கு முன்பே நீ போனதால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு. ஒருவரும் கோயில் படி மிதிக்க முடியவில்லை. அடுத்த தெருக்காரர்கள்தான் குடை பிடித்தார்கள். எந்த முறைக்காக உன்னை ஊருக்குள் பிடித்து வைத்தார்களோ, அதையும் காப்பாற்றத் துப்பில்லை.

நான் காப்பை அறுத்ததால்தான் நீ செத்தாய் என்று நம் சனங்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்தோடு நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ கேட்டிருந்தால் இதையும் கொடுத்திருப்பேன். அவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க மாட்டேன்.