இடம் மாறி உட்கார்ந்தேன்

அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? இங்கே பயிற்சி விடுதியில் நான் நலம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

சுருக்கெழுத்துத் தேர்வில் நான்தான் முதலிடம்! நிமிடத்துக்கு நூறு சொல். அதைச் சாதாரண எழுத்தில் பெயர்த்தெழுதியதில் இரண்டே பிழை.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இதற்கு முன் இரண்டு முறை தோற்றேன். இதிலும் தோற்றிருந்தால் பயிற்சியிலிருந்து நீக்கியிருப்பார்கள். சின்னப் பெண்களுக்கு நடுவே உட்காரக் கூச்சப்பட்டு, வலது சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கை ஓடியது, ஆனால் எழுதியதைத் திரும்பப் படித்தால் பொருளே வரவில்லை.

ஒருநாள் ஆசிரியை, "ஏம்மா, நான் சொல்லும்போதெல்லாம் ஏன் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கேக்குற?" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இடது காது கொஞ்சம் மந்தம். பதறாதீர்கள், மருத்துவரிடம் காட்டிவிட்டேன், பயமில்லை என்றார். மறுநாளே, நல்ல காது ஆசிரியை பக்கம் இருக்கும்படி இடது ஓரத்துக்கு மாறினேன். ஒவ்வொரு சொல்லும் மணிமணியாகக் காதில் விழுந்தது.

இன்று அந்தச் சின்னப் பெண்களே, "அக்கா, எங்களுக்கும் சொல்லிக் குடுங்க!" என்று சூழ்ந்துகொண்டார்கள்.

ஓர் உதவி. நீங்களும் மகளும் பேசுவதைப் பதிவு செய்து அனுப்புங்கள். சண்டை போட்டாலும் பரவாயில்லை. எழுதிப் பழகத்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள்
முதலிடக்காரி