ஐந்தாவது பெயர்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செம்மலுக்கு,

சிந்துஜா எழுதுகிறேன். பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. அம்மா விரலைக் கொடுத்துக் கடி வாங்கிக்கொண்டு, வலிக்காத மாதிரி சிரிக்கிறாள். அப்பாவுக்கு ஏ.டி.எம். வாசலில் பகல் டியூட்டியாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அதில் அவருக்குச் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். என்னைத் தவிர.

போன் இருக்கும்போது கடிதமா என்று சிரிக்காதே. நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாய். அன்றைக்கு நான் ஆசையாக ஒரு வார்த்தை சொன்னேன், அந்தப் பக்கம் மூன்று பையன்களும் சிரித்தார்கள். போதாததற்கு டீமில் என் இடத்துக்கு வந்திருக்கிற அந்தச் சுடர்விழி, பாப்பா என்ன செய்கிறாள் என்று என்னையே விசாரிக்கிறாள். என் புருஷனோடு நான் பேசும்போது ஊடே வர இவள் யார்? மெசேஜ் அனுப்பினால் நீலக் குறி வருகிறது, பதில் வருவதில்லை. கடிதத்தை ஸ்பீக்கரில் போட முடியாது இல்லையா, அதனால்தான் கொரியரில் அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் டீம் தங்குகிற ஒரே வீட்டில் அவளோடு நீ இருக்கிறாயே என்று நான் வயிறெரியவில்லை. நானும் மனுஷிதானே, அந்தக் கேள்வியும் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. நீ அப்படிப்பட்டவன் இல்லை, அவளைப் பார்த்தாலும் அப்படித் தெரியவில்லை. எனக்கு எரிவது வேறு இடத்தில். ஆன்லைன் மேட்ச் ஆரம்பிக்கும்போது நீ போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். அது என் நாற்காலி, கேப்டன் நாற்காலி. நீ நிற்பது என் பின்னால் நின்ற அதே நிற்பு. பாப்பா ஆறு மாதமாக வயிற்றில் இருந்தபோது எழுந்தேனே தவிர, அந்த இடத்தை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

எல்லா மேட்சும் ஸ்ட்ரீமில் பார்க்கிறேன். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கீழே வருகிற கமெண்டுகள் முழுக்கப் படிக்கிறேன். சுடர்விழி வந்த பிறகுதான் ‘உப்புக்காத்து’ ஒரு டீம் மாதிரி ஆடுகிறது என்று ஒருத்தன் எழுதுகிறான். அதற்கு ஆயிரம் பேர் ஆமாம் போடுகிறார்கள். அந்தப் பெயரை வைத்ததே நான்தான் என்று அந்த மடையனுக்குத் தெரியுமா? பொறுக்க முடியாமல் வேறு பெயரில் ஒரு ஐ.டி. திறந்து, பழைய கேப்டன்தான் பெஸ்ட் என்று போட்டேன். ஒரு பொடியன் கேட்கிறான், யாரு பழைய கேப்டன் என்று. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மேட்சில் அவள் சொதப்பினாளே, உண்மையைச் சொன்னால் குளுகுளு என்று இருந்தது. விளையாட்டு மேப்பில் இருக்கிற இங்கிலீஷ் பெயரெல்லாம் வாயில் நுழையவில்லை என்று நம் டீம் ராஜா முழித்தபோது, நம் ஊர்ப் பெயர்களை வைத்தது நான். ஆற்றுக்குப் பெரிய வாய்க்கால். நாலு பக்கமும் ஆள் வந்து மோதுகிற கிடங்குக்குப் பெரிய மார்க்கெட். தெற்கே ரோடு பிரிகிற இடம் தவளக்குப்பம். கரையோரக் குடிசைகள் வீராம்பட்டினம். நான் தவளக்குப்பம் என்று சொல்லி முடிப்பதற்குள், அப்போது நம் டீமில் இருந்த வெற்றிவேல் அங்கே நிற்பான். அந்த ஈரோட்டுக்காரி சுடர்விழி தவளக்குப்பம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெரிய மார்க்கெட் என்றாள். உடனே மாற்றிச் சொன்னாள்தான், ஆனால் அதற்குள் நம் டீமின் அந்த இரண்டு ஓசூர் பையன்களும் கிடங்குக்குள் போய்ச் செத்துவிட்டார்கள். நல்லா வேணும் என்று சத்தமாகவே சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் அவள் என் பெயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டாள். பஸ் ஸ்டாண்டு என்கிறாள், மஞ்சள் மண்டி என்கிறாள், எல்லாம் அவள் ஈரோட்டுப் பெயர். அந்த மேட்சில் முதலிடம் வந்தீர்கள். ஆனால் முடிந்ததும் மைக்கை அணைக்க மறந்துவிட்டு நீ அவளைத் திட்டினாயே, நம்ம பேருதான் சொல்லணும் என்று, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். என் பக்கம் பேச இன்னும் ஒரு ஆள் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால் நான் கேட்பது இதுதான். ஃபைனலுக்கு ஆடுகிற நாலு பேர், மாற்றுக்கு ஒருத்தர் என்று ஐந்து பேர் பட்டியல் வருகிற வெள்ளிக்கிழமை மூடுகிறது என்றாய். ஐந்து பெயரில் ஐந்தாவது என் பெயர் என்று சத்தியம் செய்திருக்கிறாய். நான் அங்கே வர முடியாது, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு எங்கே வருவது? ஆனாலும் அந்தப் பட்டியலில் என் பெயர் இருக்க வேண்டும். ஏன் என்று கேட்காதே. இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாப்பா எழுந்துவிட்டாள். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை

நேற்று எழுதவில்லை. எழுத மனசு வரவில்லை.

நேற்றுக் காலையில் அம்மாவோடு பெரிய மார்க்கெட் போயிருந்தேன். பாப்பாவுக்கு முதல் முதலாக மீன் கொடுக்கலாம் என்று அம்மா சொன்னாள், முள் இல்லாததாகப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். மீன் பக்கம் நுழைந்ததும் எதிரே வெற்றிவேல். வீராம்பட்டினத்திலிருந்து அவனுடைய அத்தைக்கு மீன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். கால் முழுக்க ஐஸ் தண்ணீர். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து பாப்பாவைக் கொஞ்சினான். உன்னைப் பற்றி நான் கேட்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் சரியாக ஆடவில்லை, அதனால் நிறுத்தினேன் என்று நீ சொல்லியிருந்தாய். நானும் நம்பினேன். சுடர்விழி வேகத்துக்கு இவனால் ஈடுகொடுக்க முடியவில்லை போல என்று நினைத்தேன். அவன் சொன்னது வேறு. ஒரு ஆள் ஆடாமல் பெயர் மட்டும் பட்டியலில் இருப்பது ஞாயமில்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறான். இரண்டு நாளில் நீ அவனை ஊருக்கு அனுப்பிவிட்டாய். அவன் மெதுவாகத்தான் கேட்டான்.

“நான் சரியா ஆடலன்னு அனுப்பியிருந்தா பேசாம வந்திருப்பேங்க்கா. உங்க பேருக்கு எடம் வேணும்னு அனுப்பிட்டாரு. நீங்க வந்து ஆடுனா எனக்கும் சந்தோசந்தான். வருவீங்களா?”

பாப்பா அழுகிறாள் என்று ஒரு சாக்கைச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். பாப்பா அழவே இல்லை, அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள். மீன் வாங்க மறந்து, காய் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

வந்ததிலிருந்து உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. செம்மல், நீ நல்ல மேனேஜர் என்று ஊரெல்லாம் சொல்கிறது. நான் இல்லை என்கிறேன். ராஜாவின் வலது கட்டைவிரலில் பிளாஸ்டர் சுற்றியிருக்கிறதே, அதைப் பற்றி என்னிடம் ஏன் சொல்லவில்லை? மேட்ச் நடுவில் அவன் கையை உதறுவது ஸ்ட்ரீமிலேயே தெரிகிறது. ஃபைனலில் அவன் கை வீங்கிவிட்டால் யாரை இறக்குவாய்? முதலியார்பேட்டையில் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிற என்னையா? மூன்று பேரை வைத்துக்கொண்டு ஆடுவாயா? இத்தனை மாதம் அந்தப் பிள்ளைகள் தூங்காமல் ஆடியது எதற்கு?

சுடர்விழி விஷயத்திலும் தப்பு உன்னுடையதுதான். ஒருத்தி அளவுக்குத் தைத்த ரவிக்கையை இன்னொருத்திக்கு மாட்டிவிட்டு, கையைத் தூக்கத் தெரியவில்லையா என்று திட்டினால் எப்படி? அவள் புதுச்சேரிக்கு வந்ததே இல்லை. அவளுக்குத் தவளக்குப்பமும் ஒன்றுதான், பெரிய மார்க்கெட்டும் ஒன்றுதான். எனக்கு அந்த ரோடு கண்ணுக்குத் தெரியும், பஸ் திரும்புவது தெரியும், அதனால் வாய் தானாகச் சொல்லும். அவளுக்கு மஞ்சள் மண்டி அப்படித்தானே தெரியும்? அதையும் நீ பிடுங்குகிறாய். என் இடத்தைச் சூடு ஆறாமல் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவளையும் உட்கார விடாமல், என்னையும் எழுந்திருக்க விடாமல் செய்கிறாய்.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் முதலிடம் வந்த மேட்சை நேற்று மறுபடி பார்த்தேன். இந்த முறை அவள் தப்பைத் தேடாமல் பார்த்தேன். ஆற்றுக்கு இந்தப் பக்கமே நின்று, அவசரப்படாமல், எதிரிகள் ஒருவரை ஒருவர் அடித்துத் தீரும்வரை பையன்களைப் பிடித்து வைத்திருந்தாள். நானாக இருந்தால் முன்னாலேயே போயிருப்பேன். போய்ச் செத்திருப்பேன். இதை எழுதும்போதே எனக்கு எரிகிறது. அவள் என்னைவிட நன்றாகச் செய்கிறாள் என்பதை என் கையாலேயே உனக்கு எழுத வேண்டியிருக்கிறது பார்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், அதுவும் நான்தான், படித்துக்கொள். ஆனால் அதில் கேட்டதைச் செய்யாதே. என் பெயரை எடுத்துவிடு. இதைப் படித்ததுமே வெற்றிவேலுக்குப் போன் செய். மேனேஜராகப் பேசாதே, அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆடியவனாகப் பேசு. முதல் தடவை எடுக்க மாட்டான், மறுபடி போடு. ராஜாவை டாக்டரிடம் கூட்டிப்போ. அந்தப் பெண் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் சொல்லட்டும், விடு.

உடனே என்னைத் தியாகி ஆக்கி அங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே. நான் விட்டுக் கொடுக்கவில்லை. பாப்பா பால் மறக்கட்டும், நான் அங்கே வருவேன். சுடர்விழிக்கு எதிரே உட்கார்ந்து ஆடுவேன். யார் அந்த நாற்காலிக்கு என்று அப்போது பார்க்கலாம். நீ தீர்ப்புச் சொல்ல வேண்டாம், நீ என் புருஷன். வெற்றிவேல் சொல்லட்டும். நான் தோற்றால் முகத்துக்கு நேரே சொல்வான், அதைத் தாங்கிக்கொள்கிறேன். பெண்டாட்டி என்பதற்காக நீ கொடுக்கிற இடத்தில் என் பெயர் இருப்பதைத்தான் இனிமேல் என்னால் தாங்க முடியாது.

என் பெயரை எடுத்த பிறகு எனக்குப் போன் செய்து ஆறுதல் சொல்லாதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டியல் வெளியாகும். எல்லோரையும் போல நானும் அதில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்னை விட்டுவிடு. சனிக்கிழமை கூப்பிடு, ஸ்பீக்கரைப் போடாமல்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் எல்லோரும் நல்லபடியாக ஆடி, ஜெயித்து, நம் ஊருக்கு ஒன்றாக வாருங்கள். ராஜா, ஓசூர் பிள்ளைகள் இரண்டு பேர், வெற்றிவேல், சுடர்விழி, ஐந்து பேருக்கும் என் ஆசீர்வாதம். கடைசிப் பெயரை எழுதத்தான் கொஞ்சம் நேரம் ஆனது.

இப்படிக்கு,
உன் சிந்துஜா