ஒரு சிப் போதுமெண்ட மச்சானுக்கு

என்ரை விசர் மச்சான் நேசனுக்கு,

நாளைக்கு உன்ரை ஆண்டுத் திவசம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிச்ச கல்வெட்டுப் புத்தகத்திலை உன்னைப் பொறுமைசாலி, பிறர் சொல் கேட்டு நடந்தவர் எண்டு எழுதியிருந்தினம். ஆர், நீயோ? அதை வாசிச்ச நேரம் வந்த கோவம் எனக்கு இன்னும் ஆறேல்லை. அதுதான் ஊரும் வாசிக்கட்டுமெண்டு இதை எழுதுறன்.

திருநெல்வேலியிலை எங்கடை ரேடியோக் கடையிலை நீயும் நானும் அந்தப் பெட்டியைச் செய்த நாள் தொட்டு இந்தச் சண்டை. குறைமாசப் பிள்ளையளைச் சூடாய் வைச்சிருக்க ஆஸ்பத்திரிக்குச் செய்து குடுத்த பெட்டி. பல்புகளை மாறிமாறி எரிச்சு நூத்துச் சூட்டைச் சரியாய் வைச்சிருந்தது உள்ளுக்கை இருந்த சின்னக் கொம்பியூட்டர். அதுக்குரிய புரோகிராம் முழுக்க ஒரு சிப்பிலை. அந்தச் சிப்பின்ரை முதுகிலை கண்ணாடி யன்னல் ஒண்டு இருக்கும், அதாலை வெயில் பட்டால் எழுதினது அழிஞ்சுபோகும். அழிக்கிற விளக்கு வாங்க வழியில்லாமல் நாங்கள் பழைய சிப்புகளைத் தண்ணித்தொட்டி மூடியிலை மோர்மிளகாய் மாதிரிக் காயப்போட்டெல்லோ அழிச்சனாங்கள்?

அப்பிடிக் காயப்போட்ட கையாலை நீ அந்த யன்னலை என்னத்தாலை மூடினனி? என்ரை தங்கச்சி வதனியின்ரை சிவப்பு ஸ்ரிக்கர் பொட்டாலை! வெயில் புகாமல் கறுப்பு ரேப் ஒட்டடா எண்டு கத்தினன். "ரேப் முடிஞ்சுது. பொட்டு வடிவாய்க் கிடக்கு, ராசியும்கூட" எண்டு இளிச்சனி.

"சரி, அழிஞ்சால்? இன்னொரு சிப் போடுவம். கரண்ட் வந்தவுடனை அது முதல் எழும்பி, உன்ரை சிப்பிலை உள்ள இலக்கங்களையெல்லாம் கூட்டிப் பாக்கட்டும். கூட்டுத்தொகை பிழைச்சால் உன்ரையை விட்டிட்டு, தன்னிலை இருக்கிற சின்னப் புரோகிராமாலை பல்பை எரிக்கட்டும்" எண்டன்.

"சிப் கிடையாத காலத்திலை ஒண்டுக்கு ரெண்டோ? நான் எழுதினது பிழைக்காது."

"நீ எழுதினது பிழைக்காது. வெயில் பிழைக்கும், கரண்ட் பிழைக்கும்."

"போடா, பயந்தாங்கொள்ளி."

நீ குருநகருக்குப் போன ஒரு பின்னேரம், பலகையிலை வெறுமையாய்க் கிடந்த இடத்திலை அந்த ரெண்டாவது சிப்பை, கிடைச்ச ஒரு துண்டுக் கறுப்பு ரேப்பாலை அதின்ரை யன்னலை மூடிப் பூட்டினன். அது வேலைசெய்தால் எரியிறதுக்கு ஒரு மஞ்சள் லைற்றும் வைச்சன். உனக்குச் சொல்லேல்லை. சொன்னால் கழட்டிப்போடுவாய்.

பிறகு, ஷெல் விழுகுது, அந்த றோட்டாலை போகாதை, சுத்திப் போ எண்டு சொல்லச் சொல்ல, "எனக்கொண்டும் வராது" எண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாய். வயித்திலை பிள்ளையோடை வதனி வாசல் படலையிலை நிண்டவள். சுத்திப் போனால் உனக்கு என்னடா குறைஞ்சிருக்கும்?

அந்தியேட்டி முடிஞ்ச கையோடை உன்ரை மகள் மாசம் நிறையாமலே பிறந்தாள். பூனைக்குட்டி அளவு. அந்தப் பெட்டிக்குள்ளைதான் வைச்சினம். ஒரு மத்தியானம் ஜெனரேற்றர் நிண்டு திரும்ப ஓடிச்சுது. பெட்டியிலை சூடு காட்டிற நம்பர் வரேல்லை, பல்பும் எரியேல்லை. "ஐயோ தம்பி, இது எழும்பேல்லை!" எண்டு நேர்ஸ் கத்தினா. நான் பெட்டிக்குக் கிட்ட ஓடினன். பிறகு அந்த மஞ்சள் லைற் எரிஞ்சுது. பின்னாலை பல்பும் எரிஞ்சுது. சுவரைப் பிடிச்சுக்கொண்டு உன்னை ஏசிப் பேசி அழுதன்.

வதனி என்ன சொன்னவள் தெரியுமே? "பாத்தியளே அண்ணை, அவர் செய்த மெசின் பிள்ளையைக் கைவிடேல்லை."

நான் "ஓம்" எண்டன். அந்த நேரத்திலை வேறை என்னத்தைச் சொல்ல?

பிள்ளையை வீட்டை கொண்டுவந்த பிறகு போய்ப் பெட்டியைத் திறந்தன். கொம்பியூட்டர் சூடாகுதெண்டு ஆரோ அதின்ரை மூடியைக் கழட்டி, பெட்டியை அறை யன்னலோரம் வைச்சிருக்கினம். வெயில் உன்ரை பொட்டுக்குள்ளாலை போய் உன்ரை எழுத்தைத் திண்டிருக்கு. நான் சொன்னதுதான் சரி. அதை ஒத்துக்கொள்ள நீ இல்லை. ஆரோடை போய்ச் சண்டை பிடிக்கிறது நான்? ஏன்ரா போனனி?

வதனியும் இதை வாசிப்பாள். வாசிக்கட்டும். மகள் வளரட்டும், உன்னை ஏச அவளுக்கும் சொல்லிக் குடுப்பன்.

உன்ரை சிப்பைத் திருப்பி எழுதி, கறுப்பு ரேப் ஒட்டி மூடினன். உரிச்ச பொட்டு என்ரை விரலிலை ஒட்டிக்கொண்டு நிண்டுது. வதனி இப்ப பொட்டு வைக்கிறதில்லை. எறிய மனம் வரேல்லை, ரேப்புக்கு மேலை ஒட்டிவிட்டன்.

இனி அது அப்பிடியே இருக்கும். அப்பா ஆரெண்டு பிள்ளை கேட்டால் உன்னைத்தான் காட்டுவன். நீ இல்லாத இடத்திலை எல்லாம் நான் நிப்பன். உன்னட்டைக் கேட்டுக்கொண்டு நிக்கமாட்டன், பாவி.

உன்ரை மகளின்ரை தாய்மாமன்